முன்கையில் 12 நிமிடம்

இதயநோய் வார்டில் ஒரு கட்டிலருகே போய் நின்று, மசாஜ் சிகிச்சைக்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும், உடனிருக்கும் மகனோ மகளோ முதலில் செய்வது போர்வையை விலக்கிக் கால்களைக் காட்டுவதுதான். "எப்படி வீங்கியிருக்கிறது பாருங்கள். நன்றாக அழுத்தி மேல்நோக்கி உருவிவிட்டால் இறங்கிவிடும், இல்லையா?" என்று கேட்பார்கள். கேட்பதில் தவறே இல்லை. கால் கனத்துப்போய்ப் படுத்திருப்பவரைப் பார்த்தால் எவருடைய கையும் தானாக அங்கேதான் போகும். ஆனால் இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் இருப்பவரின் உடலில் நான் மிகக் குறைவாகத் தொடும் இடம் அந்தக் கால்கள்தான். அவற்றை விட்டுவிட்டு முன்கையை ஏன் எடுத்துக்கொள்கிறேன் என்று விளக்குவதற்கே பல நாள்களில் பாதி நேரம் போய்விடுகிறது. அந்த விளக்கத்தை ஒருமுறை நிதானமாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. நான் இயன்முறை மருத்துவம் படித்து, பிறகு மசாஜ் சிகிச்சையில் தனியாகப் பயிற்சி பெற்றவள். மருந்துகளைப் பற்றி இங்கே நான் சொல்வதெல்லாம் என் கை வேலைக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டுமோ அவ்வளவுதான்.

செயலிழப்பு என்ற சொல்லைக் கேட்டதும் இதயம் நின்றேபோய்விட்டதாக நினைத்துக் கலங்குகிறவர்கள் உண்டு. வார்டில் எல்லோர் வாயிலும் புழங்கும் "பம்பிங் குறைவு" என்ற சொல்தான் உண்மையில் பொருத்தமானது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்று எக்கோ பரிசோதனையில் கணக்கிடுகிறார்கள். நலமான இதயத்தில் அது ஏறத்தாழ 55 முதல் 70 வரை இருக்கும். 40 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பம்பிங் குறைந்துவிட்டது என்பார்கள். 50க்கு மேல் இருந்தும் இதயத் தசை விறைத்துப்போய், தளர்ந்து நிரம்ப முடியாமல் அதே நோய்க்கு ஆளாகிறவர்களும் ஏராளம் என்பதால், அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆறுதல் அடையவும் முடியாது, அஞ்சவும் வேண்டியதில்லை. என் வேலைக்கு முக்கியமானது இதற்குப் பிறகு நடப்பதுதான். சிறுநீரகத்துக்கு வந்து சேரும் ரத்தம் குறைந்ததும், உடலில் நீர் வற்றிவிட்டது என்று அது தவறாகப் புரிந்துகொண்டு உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நீர் ரத்தக்குழாய்களில் நிறைந்து, அவற்றின் சுவர் வழியே கசிந்து, புவியீர்ப்பு எங்கே இழுக்கிறதோ அங்கே போய்த் தேங்குகிறது. நடமாடுகிறவருக்குக் கணுக்காலிலும், படுக்கையிலேயே கிடப்பவருக்கு இடுப்பின் பின்புறத்திலும் வீக்கம் தெரிவது அதனால்தான். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. கால் வீங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்குள் உடலில் சில கிலோ நீர் கூடியிருக்கும். வார்டில் தினமும் காலையில் எடை பார்ப்பது அதற்காகத்தான்.

இப்போது அந்தக் காலை அழுத்தி மேல்நோக்கி உருவினால் நீர் எங்கே போகும்? உடம்பை விட்டு வெளியேற அதற்கு வேறு வாசல் இல்லை. சிரைகள் வழியாக நேராகவும், நிணநீர்க் குழாய்கள் வழியாக ஏறிக் கழுத்தெலும்புக்கு அருகே பெரிய சிரைகளில் கலந்தும், எந்த இதயம் ஏற்கெனவே வந்ததைத் தள்ள முடியாமல் திணறிக்கொண்டிருக்கிறதோ அதன் வாசலுக்கே அது திரும்பி வரும். அங்கிருந்து அடுத்த நிறுத்தம் நுரையீரல். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930களில் உருவாக்கிய நிணநீர் வடிப்பு மசாஜ், புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கியவர்களுக்கு இன்றும் பயன்படும் நல்ல முறைதான். ஆனால் கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பில் அதைச் செய்யக் கூடாது என்று அந்த முறையைக் கற்பிப்பவர்களே முதல் பாடங்களில் சொல்லிவிடுகிறார்கள். அங்கே கையில் வடிகால் அடைபட்டிருக்கிறது. இங்கே வடிகாலில் குறை ஒன்றுமில்லை, நீர் போய்ச் சேரும் இடம்தான் நிரம்பி வழிகிறது. இதய வீக்கத்தை இறக்கும் வேலை மருந்துக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. அதைக் கை செய்ய முயன்றால் நோயாளிக்கு மூச்சு முட்டும்.

தோலின் நிலை வேறு இருக்கிறது. வீங்கிய காலின் முன்னெலும்பு மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து, மெல்லத்தான் மேலே வரும். இழுத்துக் கட்டியதுபோல் பளபளக்கும் அந்தத் தோல், உரசலில்கூடக் கிழிந்து நீர் கசியத் தொடங்கும், ஆறுவதற்கும் நாளாகும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் சாதாரணமாகப் பிசைந்த இடம்கூட மறுநாள் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கும். இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஒரு காலில் மட்டும் தெரியும் வீக்கத்தை. இதயத்தால் வரும் வீக்கம் பெரும்பாலும் இரு கால்களிலும் இருக்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் பருத்து, சூடாக, தொட்டால் வலிப்பதாக இருந்தால் அங்கே ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம். பல நாள் அசையாமல் படுத்திருப்பவர்களுக்கு அது வரக்கூடியதுதான். அழுத்தி நீவும் கை அந்தக் கட்டியைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடலாம். அப்படி ஒரு காலைப் பார்த்தால் நான் அன்றைக்கு மசாஜே செய்வதில்லை. நேராக டியூட்டி டாக்டரைத் தேடிப் போகிறேன்.

எங்கே தொடுவது என்பதைவிட எப்படி உட்கார வைப்பது என்பதுதான் கடினம் என்பதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். இதயநோய் மருத்துவர்கள் நோயாளியிடம், "எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?" என்று கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். மட்டமாகப் படுத்தால் கால்களில் தேங்கிய நீர் மார்புக்குத் திரும்பி மூச்சுத் திணறும் என்பதால், நோய் முற்ற முற்றத் தலையணை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இது எனக்குப் பாடத்திலேயே தெரியும். ஆகையால் நான் யாரையும் மட்டமாகவோ குப்புறவோ படுக்கச் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக, வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில், ஒரு பெரியவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, முன்னால் சாப்பாட்டு மேசையில் தலையணையை வைத்து அதன்மேல் குனிந்து சாய்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு முதுகை நீவத் தொடங்கினேன். தன் பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் சற்று நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். சுகமாக இருக்கிறது போலும், அதனால்தான் அமைதியாகிவிட்டார் என்று நினைத்து நான் இன்னும் மெதுவாக நீவினேன். எதிர்க்கட்டிலுக்கு வந்த சிஸ்டர்தான் அவருடைய உதடுகளைப் பார்த்துவிட்டு, "அவரை நிமிர்த்துங்க முதல்ல" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தும் அவருக்கு வாக்கியம் முழுதாக வரச் சில நிமிடங்கள் ஆயின. என்மீது அவர் கோபப்படவில்லை. "நீங்க நல்லாத்தாம்மா செஞ்சீங்க, எனக்குத்தான் சொல்ல வாய் வரல" என்று அவர் எனக்குச் சமாதானம் சொன்னது அன்றைக்கு எனக்கு இன்னும் பாரமாகிவிட்டது.

முன்னால் குனிந்த அரை நிமிடத்துக்குள் வரும் இந்த மூச்சிரைப்பை, இதயச் செயலிழப்பின் தனி அறிகுறியாக ஒரு பெயரிட்டு 2014இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். குனியும்போது வயிறும் மார்பும் அழுந்தி, ஏற்கெனவே மிகுந்திருக்கும் இதய அறைகளின் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. காலணி வார் கட்டக் குனிந்தால் மூச்சு வாங்குகிறது என்று நோயாளிகள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். மசாஜுக்கென்றே முன்னால் சாய்ந்து உட்காரும்படி செய்யப்பட்ட நாற்காலிகள் பல இடங்களில் இருக்கின்றன. இந்த நோயாளிகளுக்கு அவை வேண்டாம். கட்டிலின் தலைப்பக்கத்தை 45 பாகை அளவுக்கு உயர்த்தி, முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை கொடுத்து, அவர் எப்படி வசதியாகச் சாய்ந்திருக்கிறாரோ அந்த நிலையைக் கலைக்காமல் என் உடம்பை நான் வளைத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் அன்றிலிருந்து பழகிக்கொண்டேன். யாராவது பேச்சை நிறுத்தினால் முகத்தைப் பார்க்கிறேன். சந்தேகமாக இருந்தால் பதில் சொல்லும்படியாக ஒரு கேள்வி கேட்கிறேன். தூக்கத்தில் வரும் அமைதியும் மூச்சில்லாமல் வரும் அமைதியும் முதுகுப்பக்கம் நின்று பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தொடக் கூடாத மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேஸ்மேக்கரோ, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவியோ பொருத்தியிருந்தால் அது பெரும்பாலும் இடது கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கும். அந்தப் பக்கத்துத் தோளை விட்டுவிட வேண்டும். புதிதாகப் பொருத்தியவரின் கையைத் தோளுக்கு மேல் தூக்கவும் கூடாது. ரத்தக்குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரின் மருந்து தடவிய ஒட்டுப்பட்டை இருந்தால் அதன்மேல் தேய்க்கக் கூடாது. வெறும் விரலால் தொட்டால் மருந்து நம் தோல் வழியே ஏறி நமக்கே தலைவலி வரும். கல்லீரல் ரத்தம் தேங்கி வீங்கியிருக்கக்கூடும் என்பதால் வயிற்றில் கை வைப்பதில்லை. கழுத்தின் இரு பக்கங்களிலும், தாடைக்குக் கீழே நாடி துடிக்கும் இடத்தில், ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பும் அழுத்தமும் சட்டென்று விழுந்துவிடலாம். மிக வேகமாகத் துடிக்கும் சிலவகை இதயங்களைக் கட்டுப்படுத்த மருத்துவர்களே அந்த இடத்தை வேண்டுமென்றே அழுத்துவதுண்டு, அதற்கும் மசாஜ் என்றுதான் பெயர். வெளியிலிருந்து மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையை 1960இல் முதன்முதலாக விவரித்த கட்டுரையும் அதை இதய மசாஜ் என்றே அழைத்தது. இதயமும் மசாஜும் ஒரே வரியில் வரும்போது சில மருத்துவர்களின் புருவம் உயர்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் விளையாட்டாக நினைத்துக்கொள்வேன்.

நேரம் பார்ப்பதும் ஒரு கலைதான். நீர் போவதற்கான மருந்தை ஊசியாகப் போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கி, அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மணி நேரத்தில் ஓயும். மாத்திரையாகக் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி ஆறு மணி நேரம் வரை நீடிக்கும். ஊசி போட்ட கையோடு நான் போய் உட்கார்ந்தால், சிறுநீர் கழிக்க வேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே என் எதிரில் ஒருவர் இறுகிப்போய்ப் படுத்திருப்பார். அதற்குப் பெயர் மசாஜ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே முதலில் கேஸ் ஷீட்டைப் பார்த்து மருந்து கொடுத்த நேரத்தைத் தெரிந்துகொண்டு, சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கட்டிலுக்குப் போகிறேன். வாசனை எண்ணெய்களை நான் எடுத்துப் போவதில்லை. மூச்சுக்குத் தவிப்பவரின் முகத்தருகே எந்த மணமும் அதிகம்தான்.

இத்தனையையும் கழித்தபின் மிஞ்சுவது முன்கை, உள்ளங்கை, சிலருக்குத் தோள்பட்டையின் பின்புறமும் முதுகின் மேல்பகுதியும், தலை. குறைவாகத் தோன்றலாம். ஆனால் முன்கையில் ஒரு வசதி இருக்கிறது. மயிர் உள்ள தோலில், மெதுவான வருடலுக்கென்றே பதில் சொல்லும் ஒருவகை மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும் கைக்குத்தான் அவை நன்றாகத் துடிக்கின்றன. அதைவிட வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் அவற்றின் துடிப்பு குறைந்துவிடுகிறது. எங்கே தொட்டார்கள் என்ற துல்லியமான செய்தியை அவை கொண்டுபோவதில்லை. தொடுகை இதமாக இருக்கிறது என்ற உணர்வைத்தான் மூளைக்குக் கொண்டுபோகின்றன. குழந்தையை வருடும் தாயின் கை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஏறத்தாழ அந்த வேகத்தில்தான் போகிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒருமுறை போக எட்டு, ஒன்பது நொடி எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களால் இந்த மெதுவைத் தாங்கவே முடியாது. எதையாவது செய்தாக வேண்டுமே என்று கட்டைவிரலால் பிசையத் தொடங்கிவிடுவார்கள்.

முதலில் என் கைகளைக் கழுவி, ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறேன். நோயாளியின் கை பெரும்பாலும் சில்லிட்டிருக்கும். குறைந்த ரத்தத்தை மூளைக்கும் முக்கிய உறுப்புகளுக்கும் அனுப்புவதற்காக உடல் கைகால்களின் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கிறது. ஊசிக்குழாய் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்து மற்றக் கையைக் கேட்டு வாங்குகிறேன். கேட்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கட்டிலுக்கு வருகிற மற்ற எவரும் கேட்பதற்கு நேரமில்லாதவர்கள். பிறகு ஒரு நிமிடம் அசையாமல் என் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே அந்தக் கையை வைத்திருக்கிறேன். வருடல் அதற்கப்புறம்தான். அழுத்தம் என்றால், தோலோடு தோல் முழுதாகப் படியும் அளவுதான். தசையைத் தேடிப் போவதில்லை. புறங்கையில் எலும்புகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் விரல் நுனியால் நீவி, உள்ளங்கையைக் கட்டைவிரல்களால் மெல்ல விரித்துவிட்டு, மறுபடி முன்கைக்குப் போகிறேன். 10 நிமிடம், மிஞ்சினால் 15. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தொடுவதும் களைத்த உடம்புக்கு ஒரு வேலைதான்.

இதனால் என்ன கிடைக்கிறது? இதயத்தின் பம்பிங் கூடுவதில்லை, வீக்கம் இறங்குவதில்லை, மருந்தின் அளவு குறைவதில்லை. இதை நான் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பதற்றம் குறைகிறது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றே தணிகின்றன, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. தைவானில் இதயச் செயலிழப்பு நோயாளிகள் 64 பேருக்கு முதுகு மசாஜ் செய்து பார்த்து 2013இல் வெளியான ஆய்வு ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க மசாஜ் பெறாத இன்னொரு குழு இல்லை. அரை மணி நேரம் யாராவது பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தால்கூட அதே பலன் கிடைத்திருக்குமோ என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் பதில் கிடையாது. இதய அறுவைக்குப் பிந்திய நோயாளிகளிடம் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இன்னும் கட்டுக்கோப்பானது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 113 பேரில் மசாஜ் பெற்றவர்களுக்கு வலியும் பதற்றமும் இறுக்கமும் குறைவாக இருந்தன. அறுவைக்காயத்தின் வலி உள்ளவரும் செயலிழந்த இதயத்தோடு மூச்சு வாங்குகிறவரும் ஒன்றல்ல என்பதால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு. மசாஜ் செய்தால் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் வெகுவாகக் குறையும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களே மேடைதோறும் சொல்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான மதிப்பாய்வு, அந்த விளைவு இல்லை என்று சொல்லுமளவுக்குச் சிறியது என்று காட்டியது. உடலின் நச்சு வெளியேறும் என்பதற்கோ அந்த அளவுக்குக்கூட ஆதாரமில்லை. இவற்றையெல்லாம் விளம்பரத் தாளில் அச்சடிப்பதை நிறுத்தினால்தான் மருத்துவர்கள் எங்களை நம்பிக் கட்டிலருகே விடுவார்கள் என்பது என் நெடுநாள் வாதம்.

இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. மருத்துவமனையில் அவர்கள் உடம்பு நாள் முழுக்கத் தொடப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது, ரத்தம் எடுக்க, அழுத்தம் பார்க்க, ஊசிக்குழாய் மாற்ற, எடை பார்க்கத் தூக்கி நிறுத்த. போன மாதம் ஒரு பாட்டியின் கட்டிலுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சட்டைக் கையை மேலே ஏற்றி, முழங்கையை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ரத்தம் எடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். "ஊசி இல்ல பாட்டி, கையைச் சும்மா நீவிவிட வந்தேன்" என்று சொன்ன பிறகும் முகம் திரும்பவில்லை. நீவத் தொடங்கி மூன்று நான்கு நிமிடம் கழித்துத்தான், மடக்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. "இன்னும் ஊசி போடலையா கண்ணு?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

அன்று அவருடைய மகளும் கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் தாமே செய்யலாமா என்று கேட்டார். தாராளமாகச் செய்யலாம் என்றேன். கையை நீவுவதற்கு என்னைப் போல் ஒருத்தி வர வேண்டியதில்லை; தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கால்களை அழுத்தக் கூடாது, மூன்று நாளில் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ மூச்சு வாங்குவது கூடினாலோ நீவுவதை விட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முடிந்ததும் உடனே எழுப்பக் கூடாது என்றும் சொன்னேன். இந்த நோய்க்கான மருந்துகள் பலவும் ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை என்பதால், தளர்ந்த உடம்போடு சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழுந்துவிடுவார்கள். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் போதும். "அப்போ காலுக்கு ஒண்ணுமே செய்ய முடியாதா?" என்று அவர் மறுபடியும் கேட்டார். பாதத்தின் மேல் அழுத்தாமல் உள்ளங்கையைச் சும்மா வைத்திருங்கள், அவருக்கு அது பிடித்திருந்தால், என்றேன். பாட்டியின் பாதத்தில் போர்வைக்கு மேலாகவே கையை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.

நான் நாடியைப் பார்த்துவிட்டுக் கேஸ் ஷீட்டில் வழக்கம்போல் எழுதினேன்: வலது முன்கை, உள்ளங்கை, 12 நிமிடம், தலைப்பக்கம் 45 பாகை, கால்கள் தவிர்க்கப்பட்டன, நாடி முன்பு 96, பின்பு 88, மூச்சிரைப்பு இல்லை, தூங்குகிறார், அழுத்தம் பார்க்க அரை மணி நேரம் கழித்து வரவும்.